முகம் மாறக் கூடாது

முகம் மாறக் கூடாது, என்ன ஆனாலும் முகம் மாறக் கூடாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன், காரை விட்டு இறங்கியதுமே அந்த வாடை வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. சோயாவும் சீனியும் சேர்ந்து தணலில் கருகுகிற வாடை. மீன் வாடை என்றால் எனக்கு ஒன்றும் இல்லை, கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது சட்டிக்கு மேலே குனிந்து மோந்து பார்க்கிறவள் நான், ஆனால் மீன் மீனாக நாறினால்தானே அதற்கு ஒரு மரியாதை, இந்த ஊரில் மீனும் இனிக்கிறது, முட்டையும் இனிக்கிறது, பயறும் இனிக்கிறது, எல்லாவற்றின் மேலும் பாகு மாதிரி ஒரு பளபளப்பு, ஈரமான பளபளப்பு, அதைப் பார்த்தாலே நாக்கு உள்ளே போய்ச் சுருண்டுகொள்கிறது. கையில் துணிப்பை, பைக்குள் பாட்டில், பாட்டிலுக்குள் என் ஊறுகாய், கசியக் கூடாதென்று மூடிக்கு மேல் பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். இந்த இடத்துக்கு ஜப்பான்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சாலை ஸ்டேஷன். ரயில் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. நகானோ மலைப்பாதையில் போகிற கார்கள் நின்று, கால் நீட்டி, தின்று, சுற்றுவட்டாரத்து ஆட்கள் விளைவித்ததையும் முடைந்ததையும் வாங்கிக்கொண்டு போகிற இடம். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் என்று ஒருவர் உண்டு, ரயில் இல்லாத ஸ்டேஷனுக்கு மாஸ்டர், முதலில் கேட்டபோது நான் சிரித்து உருண்டேன், இப்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் சாப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் என் ஊறுகாய்க்கு இங்கே ஒரு அலமாரித் தட்டில் இடம். இடம் கிடைத்தால் நானும் இங்கேயே இருப்பேன். கிடைக்காவிட்டால் ஆடி கழிந்ததும் நானும் மதியும் ஊருக்கு. ஒரு சம்பளத்தில் மூன்று பேர் ஓட முடியவில்லை என்று மதி அப்பா போன மாதம் சொல்லிவிட்டார், கோபமாகச் சொல்லவில்லை, தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார், நீங்க ரெண்டு பேரும் எங்க அம்மா வீட்ல இருங்க, நான் இங்கருந்து அனுப்புறேன் என்று. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்கின்றன, போனைக் காட்டி அப்பா என்கின்றன, அப்பா லீவில் வந்து தூக்கினால் அலறுகின்றன. என் மதி அலறக் கூடாது. அதற்கு முகம் மாறக் கூடாது.

ஸ்டேஷன் மாஸ்டர் சாப்பிடப் போயிருக்கிறாராம், வருகிற வரை சுற்றிப் பார் என்று மியுகி சொன்னாள். மியுகியின் பிள்ளையும் மதியும் ஒரே பால்வாடியில் படிக்கிறார்கள். அவள் வீட்டில் உமேத் தோப்பு இருக்கிறது, உமே என்றால் நம் மாவடு போலப் பச்சையாய், உருண்டையாய், நினைத்தாலே பல் கூசுகிற புளிப்பாய் ஒரு காய். அதை உப்பில் போட்டு வாடவைத்துச் சப்பென்று தின்கிறார்களே என்று பொறுக்காமல் நான்தான் ஒரு நாள் கேட்டு வாங்கி, கடுகும் வெந்தயமும் வறுத்துப் பொடித்து, வத்தல் தூள், பெருங்காயம், நல்லெண்ணெய் காயவைத்து ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மியுகி கண்ணில் தண்ணீர் வழிய, மூக்கைச் சிந்திக்கொண்டே தின்றாள். உன் பெயர் போட்டு இதை விற்கணும் உரகுசான் என்றாள், உலகம்மாள் என்பது அவள் வாயில் அவ்வளவுதான் வரும். அவளும் தோப்புக்காரப் பெண்களும் சேர்ந்து வைத்திருக்கும் சமையல்கூடத்தில் எனக்கு ஓர் அடுப்பு தருவதாகவும் பேசி வைத்துவிட்டாள். இத்தனை செய்தவள் பக்கத்தில் நிற்கும்போது வாந்தி வருகிறது என்று எப்படிச் சொல்ல. வாசல் பக்கம் போனால் அங்கே அதற்கு மேல். நீளமாக ஒரு கல்தொட்டி, அதில் வெந்நீர் ஊற்று ஓடுகிறது, சுற்றிலும் பலகை, பலகையில் முன்பின் தெரியாத சனமெல்லாம் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து ஒரே தண்ணீரில் காலை விட்டு ஊறுகிறார்கள். ஆவி பறக்கிறது. தண்ணீருக்குள் அத்தனை காலும் வெந்த மாதிரி வெளுத்து, நகமும் வெடிப்பும் புறங்கால் நரம்பும் பெரிதாகத் தெரிகின்றன, ஒரு ஆள் கட்டை விரலால் மற்றக் குதிகாலைத் தேய்க்கிறான், தேய்த்தது எங்கே போகும், அடுத்தவன் காலுக்குத்தான் போகும். அந்தத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தே பச்சை நிறத்தில் ஐஸ்கிரீமும் நக்குகிறார்கள். அவர்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர், மடியில் மதி. ஏ புள்ள, வா, சுகமா இருக்கு என்று கூப்பிட்டார். இவருக்கு எல்லாம் சுகம்தான், எதைக் கொடுத்தாலும் நல்லாத்தான இருக்கு என்று தின்பார், நூல் நூலாக இழுக்கிற அழுகின சோயாப் பயற்றைக்கூட மூக்கைப் பிடிக்காமல் தின்கிறவர், இந்த மனிதருக்குக் குமட்டல் என்கிற ஒன்றை வைக்காமலே படைத்துவிட்டானோ என்று நினைத்துக்கொள்வேன். மதி காலால் தண்ணீரை அடித்துவிட்டு விரலை வாயில் வைத்தாள். மதி, கையை எடு, வாய்ல வைக்காத என்றேன். எடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, மறுபடியும் வைத்தாள்.

உள்ளே இன்னும் இருட்டாக, குளிராக இருந்தது. முள்ளங்கிக் கட்டில் ஒரு பெரியவர் படமாகச் சிரிக்கிறார், கீரைக் கட்டில் ஒரு அம்மா, மூங்கில் கூடையில் கண்ணாடி போட்ட ஒருவர், யார் செய்தாரோ அவர் முகம் பொருளில் ஒட்டியிருக்க வேண்டுமாம், அதுதான் இங்கே முறை. என் முகமும் அப்படி ஒட்டும். சிரித்த முகமாக வேண்டும், நல்ல புடவை கட்டிக்கொண்டு வா என்று மியுகி ஏற்கனவே சொல்லியிருக்கிறாள். கோழிப் பொட்டலத்தின் மேலும் வளர்த்தவன் படம், அவனும் சிரிக்கிறான், தலைக்குக் கீழே செத்த கோழியின் தோல் புள்ளி புள்ளியாக வியர்த்திருக்கிறது. அடுத்து குதிரை இறைச்சி, பச்சையாக, சீவல் சீவலாக, செம்பருத்தி நிறத்தில். பார்க்காமல் கடந்தேன், கடந்த பிறகு பார்த்தேன், ஏன் பார்த்தேன். குமட்டுகிற பொருளைக் கண் விடுவதே இல்லை, புண்ணைத் தொட்டுப் பார்க்கிற கை மாதிரி திரும்பத் திரும்ப அங்கேதான் போகிறது. மியுகி ஒரு சின்னக் கிண்ணத்தைத் திறந்து, குச்சியில் குத்தி, சாப்பிடு என்றாள். ஆற்றில் கல்லுக்கு அடியில் இருக்கிற பூச்சியாம். பக்கத்துக் கிண்ணத்தில் குளவிப் புழு, வெள்ளையாக, சோற்றுப் பருக்கை மாதிரி, அதில் சிலதுக்கு இறகு முளைக்க ஆரம்பித்திருந்தது. அதற்கும் பக்கத்தில் வெட்டுக்கிளி, காலோடு, கண்ணோடு, சீனிப்பாகில் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. பூச்சி என்பதற்காக இல்லை, நானும் பூச்சி தின்றவள்தான், மழைக்கு மறுநாள் விளக்கைச் சுற்றி விழுகிற ஈசலைப் பிடித்து, இறகைப் புடைத்து, உப்புப் போட்டு வறுத்துப் பொரியரிசியோடு எங்கள் வீட்டில் தின்போம், அதுவும் ஒன்றும் அமிர்தமில்லை, பல் இடுக்கில் இறகு மாட்டினால் நாள் முழுக்கத் துழாவ வேண்டும், ஆனால் அது உறைத்தது, கரித்தது, தின்கிறோம் என்று தெரிந்தது. இது மிட்டாய். வெட்டுக்கிளி மிட்டாய். பூச்சிக்கு எதற்கு இனிப்பு. குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரிப் பூச்சியைக் கொஞ்சிக் கொஞ்சிப் பாகில் புரட்டி வைத்திருக்கிறார்களே என்று நினைத்ததும் அடிவயிற்றிலிருந்து புளித்த தண்ணீர் ஒரு வாய் மேலே வந்தது, விழுங்கினேன். வயிறு நிறைந்திருக்கிறது என்று மியுகியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டரும் வெட்டுக்கிளிதான் கொடுப்பார் என்றாள். புதிதாகக் கேட்டு வருகிற எல்லாருக்கும் முதலில் அதைக் கொடுப்பாராம், எங்கள் ஊர்ச் சாமானை நீ சாப்பிடு, உன்னுடையதை நான் சாப்பிடுகிறேன் என்பாராம், டோக்கியோவிலிருந்து ரொட்டிக் கடை போட வந்த ஒருத்தி அங்கேயே துப்பினாளாம். அவளுக்கு இடம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

விழுங்கிவிடலாம். விழுங்குவது பெரிய காரியம் இல்லை, மாத்திரை மாதிரி நினைத்துக்கொள்ளலாம், எனக்குப் பயம் தொண்டையைப் பற்றி இல்லை, முகத்தைப் பற்றி. என் முகம் என் பேச்சைக் கேட்காது. கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தார்களே, மாப்பிள்ளை பாதி தின்றுவிட்டு மீதியை எனக்கு ஊட்டினாரே, பிசைந்த பழம், பாலில் மிதக்கிற நார், அவர் எச்சில், புருஷன் எச்சில்தானே என்று வாயைத் திறந்தேன், சந்தோஷமாகத்தான் திறந்தேன், வீடியோவில் பார்த்தால் என் மேலுதடு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, மூக்கு சுருங்கி, வேப்பெண்ணெய் குடித்த பிள்ளை மாதிரி இருக்கிறேன். அதை மட்டும் நிறுத்தி நிறுத்திப் போட்டு மாமியார் வீட்டில் சிரிப்பார்கள். நாத்தனார் இன்றைக்கும் அந்த மாதிரி உதட்டைத் தூக்கிக் காட்டித்தான் என்னை வரவேற்பாள். ஊருக்குப் போனால் அந்த உதட்டுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும், மதி போனைப் பார்த்து அப்பா என்பாள். கண்ணாடி ஜாடிகள் அடுக்கியிருந்த தட்டில் ஒரு ஜாடியில் என் முகம் தெரிந்தது, மேலுதட்டை உள்ளே இழுத்துப் பல்லால் பிடித்துப் பார்த்தேன், மூக்கு போனது, மூக்கை இறுக்கினேன், புருவம் போனது. ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் வழிகிறது. சரி, சிரித்துவிடலாம், சிரிக்கிறபோது சுளித்தாலும் சிரிப்போடு சிரிப்பாகப் போய்விடும் என்று முடிவு செய்து சிரித்து நின்றபோது ஜாடிக்குப் பின்னால் ஒரு ஆள் பயந்து நகர்ந்துபோனார். அந்த ஜாடிக்குள் என்னவோ ஒரு மீனின் குடல், உப்பில், இளஞ்சிவப்பாக, நான் என் முகத்தை அதில்தான் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் பெயர் குரோகவா. உயரமில்லாத ஆள், கழுத்தில் துண்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார், சாப்பாட்டுக் குச்சி இன்னும் கையில் இருந்தது. அலுவலகம் என்றால் பாதி அட்டைப் பெட்டி, ஒரு மேசை. உட்காரச் சொன்னார், எந்த ஊர் என்று கேட்டார், இந்தியா என்றேன், வெயிலா என்றார், வெயில் என்றேன். குழந்தை எங்கே என்றார், கால் தொட்டியில் என்றேன். நல்லது என்று சொல்லி ஒரு டப்பாவைத் திறந்தார், அதே கறுப்பு, அதே பளபளப்பு. கையில் இருந்த குச்சியை ஒரு தரம் வாயில் வைத்து உறிஞ்சினார், உறிஞ்சி, அதே நுனியால் டப்பாவுக்குள் துழாவி, பெரிதாக ஒன்றைப் பிரித்தெடுத்து ஒரு காகிதத்தில் எனக்கு வைத்தார். அதன் பின்னங்கால் இன்னொன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. வெட்டுக்கிளி போய்விட்டது, இப்போது எனக்கு வெட்டுக்கிளி தெரியவில்லை, அந்தக் குச்சியின் நுனிதான் தெரிந்தது, நுனியில் இருந்த ஈரம், மத்தியானத்துச் சோறு, அந்த ஏப்பம், எல்லாம் பாகோடு பாகாகக் கலந்து என் முன்னால் மின்னியது. எடுத்தேன். வாயில் போட்டேன். கடித்தேன், ஏனென்றால் கடிக்காமல் விழுங்கினால் தெரிந்துபோகும். மொறுக்கென்றது, அதற்குள் ஒன்று மெத்தென்றது, இனித்தது, கால் ஒன்று அண்ணத்தில் குத்தி நின்றது, நாக்கால் அதை எடுக்கிறேன், வரவில்லை, மியுகி என்னைப் பார்க்கிறாள், குரோகவா பார்க்கிறார், மதி அலறக் கூடாது, மதி அலறக் கூடாது, விழுங்கினேன். முகம் மாறவில்லை. சத்தியமாக மாறவில்லை, எனக்கே தெரிந்தது, உதடு கல் மாதிரி நின்றது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சரி, உன்னுடையது என்றார்.

பையிலிருந்து காய்ந்த கரண்டியை எடுத்து வைத்து, பாலிதீனை அவிழ்த்து மூடியைத் திறந்ததும் பெருங்காய வாசம் வந்தது, அந்த அறையில் அதுதான் முதல் நல்ல காற்று. எண்ணெய் மேலே மிதக்க, சிவப்பாக, ஒவ்வொரு காயும் தோல் சுருங்கி ஊறிக்கிடந்தது. மியுகி ஒரு தட்டு எடுக்க எழுந்தாள். அதற்குள் குரோகவா அந்தக் குச்சியை, வாயில் வைத்த, டப்பாவில் துழாவிய அதே குச்சியை, நேராக என் பாட்டிலுக்குள் விடக் கொண்டுவந்தார். ஊறுகாய்க்குள். ஈரக் கரண்டி பட்டாலே பூஞ்சை பூத்துப்போகும் என்று என் வீட்டில் குளித்துத் துடைத்த கையோடுதான் பாட்டிலைத் தொடுவேன், மரக்கரண்டியை வெயிலில் காயவைத்து எடுப்பேன், என் புருஷனையே கிட்ட விட்டதில்லை. யோசிக்கவே இல்லை. பாட்டிலை ஒரு கையால் என் பக்கம் இழுத்தேன், மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன், குச்சி மேசையில் விழுந்தது, கையைத் திருப்பினேன், உள்ளங்கை மேலே வரும்படி, உப்புப் பார்க்கச் சொல்லி மதி அப்பாவின் கையைத் திருப்புவேனே அந்த மாதிரி, திருப்பி, என் காய்ந்த கரண்டியால் ஒரு காயும் கொஞ்சம் எண்ணெயும் எடுத்து அந்தக் குழியில் விட்டுவிட்டேன். எங்கள் அடுப்படியில் அப்படித்தான் ருசி பார்ப்போம், கரண்டி எச்சிலாகாது, யாருக்கும் சங்கடமில்லை. விட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். மியுகி தட்டோடு நின்றுவிட்டாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் இன்னும் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன், விட்டேன். அந்த மனிதர் கையை நீட்டியபடி, குழந்தை ஆய் போன துணியைப் பிடித்திருக்கிறவர் மாதிரி, விரல்களை விறைத்துக்கொண்டு பார்த்தார். சிவப்பு எண்ணெய் ரேகை வழியே மெள்ள ஓடி மணிக்கட்டுக்குப் போனது. அவருக்குக் குமட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது, அதைத் தெரிந்துகொள்வதில் நான் கெட்டிக்காரி. போயிற்று என்று நினைத்தேன். பெட்டி எங்கே இருக்கிறது, கட்டில் அடியில், மதியின் குளிர் சட்டைகள் ஊரில் எதற்கு, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றெல்லாம் அதற்குள் யோசித்துவிட்டேன். அப்போது அவர் கையை முகத்துக்குக் கொண்டுபோனார். நாக்கை நீட்டினார். அகலமான நாக்கு, நடுவில் ஒரு வெடிப்பு, மேலே மாவு பூத்த மாதிரி வெள்ளை, ஓரத்தில் வெட்டுக்கிளிக் கறுப்பு, அது மணிக்கட்டில் ஆரம்பித்து, மயிரோடு சேர்த்து, வழிந்த எண்ணெயைத் துரத்திக்கொண்டு மேலே ஏறி உள்ளங்கைக் குழியில் புரண்டது. சப்தம் வந்தது. கன்றுக்குட்டி தொட்டியில் நக்குகிற சப்தம். நாங்களும் இதைத்தானே செய்கிறோம், தினமும் செய்கிறோம், நான் செய்கிறேன், மதி செய்கிறாள், இப்படியா இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் இப்படியா. என் உதடு தூக்கியது. மூக்கு சுருங்கியது. பிடித்துவைத்த எல்லாமே ஒரே நேரத்தில் அவிழ்ந்தது, நிறுத்த முடியவில்லை.

அவர் காயைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார். வெட்டுக்கிளிக்கு உன் முகம் மாறவில்லை, நீ செய்ததற்கு மாறுகிறது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சத்தம் போடவில்லை, ஆனால் சந்தேகம் வந்துவிட்டது, கண் பாட்டிலுக்குப் போனது. ஒன்றும் இல்லை என்றேன். இல்லை, என்னவோ இருக்கிறது என்றார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு அவர்கள் பாஷை போதாது, தெரிந்த சொல் கொஞ்சம்தான், அதில் நல்ல சொல் ஒன்றும் அப்போது வரவில்லை.

"ஊறுகாய் நல்லது. உங்கள் நாக்குதான் அருவருப்பு."

மியுகி தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. குரோகவா என்னையே பார்த்தார், மெல்ல ஆரம்பித்தார், உறைப்பு ஏறியிருக்க வேண்டும், நெற்றியில் வியர்த்தது, கொட்டையைத் துப்பிக் காகிதத்தில் வைத்தார். அப்படியென்றால் வெட்டுக்கிளி என்றார். அதுவும் அருவருப்பு என்றேன், இனி எதற்கு மறைக்க. ரொம்பவா என்றார். ரொம்ப என்றேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் சின்ன வயதில் ஆகாது என்று சொல்லிவிட்டு உள்ளங்கையைத் திரும்ப நீட்டினார். இன்னொன்று வைத்தேன். இந்தத் தடவை அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நக்கினார், என் முகத்துக்காக. மியுகியிடம் என்னவோ வேகமாகப் பேசினார், எனக்குப் பாதிதான் புரிந்தது, வியாழக்கிழமை, சமையல்கூடம், பாட்டில் அளவு, ருசி பார்க்க வருகிறவர்களுக்குக் குச்சி வைக்க வேண்டும், கையில் ஊற்றக் கூடாது, கண்டிப்பாக ஊற்றக் கூடாது. மியுகி என் முழங்கையை அழுத்தினாள். கிடைத்துவிட்டது.

வணக்கம் சொன்னேன், குனிந்தேன், பாட்டிலை மூடினேன், ரப்பர் பேண்டு போட்டேன், எல்லாம் ஒழுங்காகச் செய்தேன், வெளியே வந்து கார்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி, சாக்கடை ஓரமாக, நீலப் பூச்செடிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கக்கினேன். அந்தக் காலும் வந்தது. இன்னும் வந்தது, ஒன்றும் இல்லாதபோதும் வந்தது, கண்ணும் மூக்கும் ஒழுக, வாய் முழுக்கக் கசப்பும் இனிப்புமாக, சீ, இந்த ஊரே எனக்குள்ளிருந்து வெளியே வருகிற மாதிரி. முதுகில் ஒரு கை தடவியது, வெந்நீரில் ஊறிய சூடு இன்னும் அதில் இருந்தது. மதியை இடுப்பில் வைத்துக்கொண்டு இவர் நின்றார். கண்ணீரைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, தப்பாகப் புரிந்துவிட்டது.

"விடு புள்ள, அழாத. உங்கள மட்டும் அனுப்பிட்டு நான் இங்க என்னத்துக்கு. மூணு பேருமே போயிருவோம். நானும் எத்தன நாளைக்குத்தான் இதெல்லாம் நல்லாருக்குன்னு தின்னுட்டுக் கெடக்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். நூல் இழுக்கிற அந்தப் பயற்றை, அந்தப் பாகு மீனை, பச்சை முட்டையை, நல்லாத்தான இருக்கு, நல்லாத்தான இருக்கு என்று என் எதிரில் உட்கார்ந்து விழுங்கினாரே. எனக்காகவா, அவருக்காகவா, ஒரு நாள்கூட ஒரு உதடு அசையவில்லையே, அவ்வளவு கெட்டிக்கார முகமா இவருக்கு. மதி என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தேன். சொல்லாமலும் இருக்கலாம். இப்போது நான் வாயைத் திறக்காவிட்டால் போதும், மூன்று பேரும் போய்விடலாம், யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், போய்? போய் அங்கே இவருக்கு என்ன வேலை இருக்கிறது, மறுபடியும் ஒரு ஏஜென்ட், மறுபடியும் ஒரு ஊர், அப்போது தனியாக.

"கெடச்சிருச்சுங்க," என்றேன்.

சிரித்தார். மதியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார், அப்படியா, அப்படியா என்றார், உண்மையாகத்தான் சந்தோஷப்பட்டார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால், ஒரு கண் இமைக்கிற நேரம், அவருடைய மேலுதடு ஒரு பக்கமாகத் தூக்கி இறங்கியது. நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். தண்ணி குடுங்க, வாய் கொப்புளிக்கணும் என்றேன், அவர் ஓடினார்.